முகம் பார்த்துக் கேட்ட இடி

கல் குவாரியில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சும்மா இருப்பார். பாம்புக்காது என்றால்தான் திரும்புவார். வேலைக்குச் சேர்ந்த நான்காவது வருடம் ஒட்டிக்கொண்ட பட்டம் அது. அப்போதெல்லாம் திரி பற்றவைத்துத்தான் பாறையை வெடிப்பார்கள். ஒவ்வொரு துளையாக வெடிக்கும், எல்லோரும் ஒதுங்கி நின்று எண்ணுவார்கள். அன்று வைத்தது பன்னிரண்டு. பன்னிரண்டும் முடிந்ததென்று ஆட்கள் பள்ளத்துக்குள் இறங்கப் போனபோது இவர் மட்டும் குறுக்கே கையை நீட்டி மறித்தார். "பதினொண்ணுதான். கடைசியா நீங்க எண்ணினது எதிரொலி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அரை மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால், மூலைத் துளையில் மருந்து வெடிக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தது. சிரித்தவர்களே அந்தப் பட்டத்தையும் சூட்டினார்கள்.

அன்று முதல் அவர் காதுதான் குவாரிக்குச் சட்டம். முப்பது வருடம் ஆகிவிட்டது. மருந்து வைக்கிற வேலையில் முப்பது வருடம் பத்து விரலோடு இருப்பதே பெரிய காரியம். அவருக்குப் பத்தும் இருந்தன. அந்தப் பெருமையும் கொஞ்சம் இருந்தது. கொஞ்சம் என்று நான் மரியாதைக்குச் சொல்கிறேன்.

திரி போய் மின்சாரம் வந்தது. துளைக்குள் மருந்தோடு விரல் நீளத்தில் ஒரு குழல் போகும், கேப் என்பார்கள். அதிலிருந்து இரண்டு கம்பி வெளியே வரும். எல்லாத் துளைகளின் கம்பிகளையும் முறுக்கி இணைத்து, தூரத்தில் இருக்கும் இரும்புக் கூண்டுக்குள் போய் நின்று பெட்டியின் கைப்பிடியைத் திருக வேண்டும். பாறை சரிந்து விழும். வசதிதான். ஆனால் கம்பிக்கு எது நம் மின்சாரம், எது வானத்து மின்சாரம் என்று தெரியாது. பக்கத்தில் எங்கேயாவது மின்னல் இறங்கினால் போதும், கேப் தானாகவே வெடித்து மருந்தையும் வெடிக்கவைத்துவிடும். அதனால் இடி கேட்டால் வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓட வேண்டும் என்பது விதி. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே முப்பது எண்ணுவதற்குள் சத்தம் வந்துவிட்டால் பள்ளத்தில் ஒரு ஈ காக்கை இருக்கக் கூடாது.

மின்னலைப் பார்த்தால்தானே எண்ண முடியும்? பள்ளத்தைச் சுற்றி ஆறு ஆள் உயரத்துக்குப் பாறைச் சுவர். மட்ட மத்தியான வெளிச்சத்தில் சுவருக்குப் பின்னால் மின்னினால் ஒன்றும் தெரியாது. அதற்கென்று ஒரு கருவி வாங்கி ஆபீஸில் மாட்டியிருந்தார்கள். மின்னல் நெருங்கினால் சிவப்பு விளக்கு எரியும். அதன் பேட்டரி செத்து எட்டு மாதம். புதிது கேட்டபோது மேனேஜர் சொன்ன பதில் இது: "நம்மகிட்ட பாம்புக்காது இருக்கும்போது பெட்டி எதுக்குங்க?" சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். இவரும் தலையாட்டினார்.

இடியின் கதையை அவர் ஒருமுறை எடைமேடைக்காரம்மாவுக்கு விளக்கியிருக்கிறார். பள்ளத்தின் விளிம்பில் மேட்டின் மேல் இருக்கும் கண்ணாடி அறையில், லாரிகளை நிறுத்தி எடை போடுகிற அம்மாள் அவர். வெடிப்பதற்கு முன் சங்கு ஒலிக்கும் பொத்தானும் அவர் மேஜையில்தான். இவர் வாக்கி டாக்கியில் சொன்னால் அமுக்குவார். நாற்பது வயது, யாருக்கும் பயப்பட மாட்டார், இடிக்கு மட்டும் பயப்படுவார்.

"ஏங்க, ஒரு நேரம் கன்னத்துல அறைஞ்ச மாதிரி பளார்னு விழுது, இன்னொரு நேரம் மேல யாரோ பீப்பாயை உருட்டுற மாதிரி கடகடன்னு போய்க்கிட்டே இருக்கு. ரெண்டும் ஒரே இடிதானே?" என்று கேட்டார்.

"நேத்து நாப்பது துளையை ஒரே வரிசையில, ஒரே நேரத்துல வெடிச்சோமே. உங்களுக்கு எப்படிக் கேட்டுச்சு?"

"ஒரே டமால்."

"நீங்க வரிசைக்கு நேர் எதிர்ல இருந்தீங்க. எல்லாத் துளையும் உங்களுக்கு ஏறக்குறைய ஒரே தூரம். லோடர் ஓட்டுறவர் வரிசையோட வால் பக்கம் நின்னாரு, அவரைக் கேளுங்க."

லோடர்காரரைக் கேட்டார்கள். "டமால்லாம் இல்லம்மா. தடதடன்னு இழுத்துக்கிட்டுப் போச்சு" என்றார் அவர். எடைமேடைக்காரம்மா இரண்டு பேரில் யார் பொய் சொல்கிறார்கள் என்று பார்த்தார்.

ரெண்டும் உண்மைதான் என்றார் பாம்புக்காது. மின்னல் என்பது வானத்தில் மைல் கணக்கில் போட்ட ஒரே வரிசை. போகிற வழியில் உள்ள காற்று நொடியில் உலையைவிடப் பல மடங்கு சூடேறி, விரிய இடமில்லாமல் வெடிக்கிறது. வரிசை முழுக்க ஒரே நேரத்தில்தான் வெடிக்கிறது. ஆனால் அடி முனை நமக்குப் பக்கம், மேல் முனை மேகத்துக்குள்ளே எங்கேயோ. பக்கத்துச் சத்தம் முதலில் வரும், தூரத்துச் சத்தம் ஆடி அசைந்து பின்னால் வரும். அதுதான் உருட்டல். மின்னல் நேர்கோட்டில் போகாமல் கோணல்மாணலாக வளைந்து போவதால், நடுவில் ஏதாவதொரு துண்டு நமக்கு நேர் எதிராக அமையும். அந்தத் துண்டின் சத்தம் மொத்தமாக வந்து சேரும். உருட்டலுக்கு நடுவே திடீரென்று ஒரு அறை விழுவது அதனால்தான்.

"இன்னொண்ணும் இருக்கு" என்று குரலைத் தாழ்த்தினார், தொழில் ரகசியம் போல. "சத்தத்துல இருக்கிற கூர்மை ரொம்ப தூரம் தாங்காது. வழியிலயே காத்து தின்னுடும். கடைசியா வந்து சேர்றது உறுமல் மட்டும்தான். அதனால பளார்னு கிழிச்சா பக்கத்துல, கும்முனு உறுமினா தூரத்துல. நான் மின்னலையே பார்க்க வேண்டாம். சத்தத்தோட ஓரம் கூரா மழுங்கலான்னு கேட்டாலே எத்தனை மைல்னு சொல்லிடுவேன்."

சொன்னார். பல வருடம் சரியாகவே சொன்னார்.

கூர்மையைக் காற்று தின்பது போலவே, முப்பது வருட வெடிச் சத்தமும் காதில் அதைத்தான் முதலில் தின்னும் என்பது அவர் கணக்கில் வரவில்லை.

முதலில் போனது லோடர் பின்னால் வரும்போது அடிக்கும் பீப் சத்தம். பேட்டரி சரியில்லை என்று லோடர்காரரைத் திட்டினார். பிறகு கைபேசி. பிறகு மனைவியின் பேச்சில் பாதி. பேசுவது கேட்கும், என்ன பேச்சு என்பதுதான் பிடிபடாது. "உங்களுக்குக் காது கேக்கலையா, இல்ல நான் பேசறது மட்டும் கேக்கலையா?" என்று அந்த அம்மாள் சமையலறையிலிருந்து கத்துவார். கல்யாணமான எல்லா ஆண்களுக்கும் உள்ள வியாதி என்று இவர் சிரித்துச் சமாளிப்பார்.

உண்மை தெரிந்தது ஒரு சாயங்காலம். மாடியில் மனைவி துணி எடுத்துக்கொண்டிருந்தார், இவர் மாடிப்படிக் கூரைக்கு அடியில் சுவர்ப் பக்கம் திரும்பிக் குனிந்து மடித்துக்கொண்டிருந்தார். கும் என்று ஒரு இடி. தூரத்து இடி. அடுத்த அறையில் மூட்டையை இறக்கி வைத்தது போலத்தான் இருந்தது அவருக்கு. நிமிர்ந்து பார்த்தால் மனைவி துணிக்கூடையைப் போட்டுவிட்டு, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"என்னாச்சு? தூரத்துலதானே இடிச்சுது?"

"தூரமா? காது கிழிஞ்சு போச்சுங்க! கல்லு மாதிரி நிக்கிறீங்களே!"

கீழே போனால் தெருவே வாசலில் நின்றிருந்தது. இரண்டு வீடு தள்ளித் தண்ணீர்த் தொட்டியில் மின்னல் இறங்கி, நாலு வீட்டு டிவி போய்விட்டது. அவர் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தலைக்கு மேல் விழுந்த இடி அவருக்கு ஆறு மைலுக்கு அப்பால் கேட்டிருக்கிறது. பள்ளத்தில் இதே இடி கேட்டிருந்தால் தூரம்தான், வேலையைப் பாருங்கள் என்று சொல்லியிருப்பார். நினைத்தபோது உள்ளங்கை வேர்த்தது. அந்த வேர்வை பிறகு இரண்டு வருடம் காயவே இல்லை.

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை, முடிந்திருக்கும். வெடி லைசென்ஸை வாங்கிக்கொண்டு வாசலில் கேட் திறக்கிற வேலையைக் கொடுத்திருப்பார்கள். பாம்புக்காது கேட் திறக்கிறார் என்று லாரிக்காரர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை அவரால் தாங்கிக்கொள்ள முடியாது, அவ்வளவுதான் காரணம். நான் இதற்கு மேல் பூசி மெழுகப் போவதில்லை.

வருடா வருடம் காதுப் பரிசோதனை உண்டு. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, காதில் ஒன்றை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்கச் சொல்வார்கள். வெளியே நர்ஸ் பொத்தானை அமுக்குவார். இவர் சத்தத்தைக் கேட்கவில்லை, நர்ஸின் விரலைப் பார்த்தார். விரல் அசைந்ததும் கையைத் தூக்கினார். "இந்த வயசுல இப்படியொரு காதா!" என்று நர்ஸ் வியந்து தாளில் முத்திரை குத்தினார். இவருக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது.

அங்கேதான் அவர் வழியைக் கண்டுபிடித்தார். கேட்க முடியாததைப் பார்த்துக்கொள்ளலாம்.

பள்ளத்தில் அவரோடு இருப்பது மைத்துனன், மனைவியின் தம்பி. முப்பத்தாறு வயது. துளை போடுவான், பிறகு இவரோடு உட்கார்ந்து கம்பி இணைப்பான். வாய் ஓயாது, பாட்டென்று ஒன்றைப் பாடுவான், இரண்டாவது வரி எந்த நாளும் சரியாக வந்ததில்லை. பெற்றோர் போன பிறகு அக்கா வீட்டில் வளர்ந்தவன். இவர்தான் குவாரியில் சேர்த்துவிட்டார். அன்றைக்கு மனைவி, "உங்களை நம்பித்தான் அனுப்பறேன்" என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். மற்ற விஷயங்களில் நூறு வாக்கியம் பேசுகிறவர் அன்று ஒன்றோடு நிறுத்திக்கொண்டதால் அது இவருக்கு நன்றாக நினைவிருந்தது.

இடி கேட்டால் இனி அவர் வானத்தைப் பார்க்க மாட்டார், மைத்துனனைப் பார்ப்பார். கூர்மையான சத்தம் என்றால் மனிதன் தன்னையறியாமல் தோளைக் குறுக்குவான், கண் சிமிட்டும். உறுமல் என்றால் தலையைக்கூடத் தூக்க மாட்டான். தோள் குறுகினால் உடனே, "ஏறு மச்சான், பக்கத்துல வந்துடுச்சு" என்பார். குறுகவில்லை என்றால், "தூரம்தான், நீ முறுக்கு" என்பார். இரண்டு வருடம் இப்படியே ஓட்டினார். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. ஆனாலும் மேகம் கறுத்த நாட்களில் காலையில் சோறு இறங்காது. பஸ்ஸில் போகும்போதே பக்கத்து சீட்டுக்காரரின் தோளைப் பார்த்துக்கொண்டிருப்பார். வாரம் இரண்டு முறையாவது, இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று ஆபீஸ் வாசல் வரை போவார். மேனேஜர் நாற்காலியைக் காட்டி, "வாங்க பாம்புக்காது" என்பார். இவர் கையுறை தீர்ந்துவிட்டது என்று எதையாவது கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார். வீட்டில் அவருக்கு இருபத்திரண்டு ஜோடி கையுறை சேர்ந்துவிட்டது.

அந்த நாளும் அப்படித்தான் விடிந்தது. முப்பத்திரண்டு துளை. மருந்து இறக்கியாகிவிட்டது. பதினொரு மணிக்குக் கம்பி முறுக்க உட்கார்ந்தார்கள். மைத்துனன் வரிசையின் நடுவே, இவர் இருபது அடி தள்ளி. தலைக்கு மேல் வெயில் சுள்ளென்று அடித்தது. மேற்குச் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று பள்ளத்திலிருந்து பார்க்க முடியாது.

கும்.

இவர் சட்டென்று மைத்துனனைப் பார்த்தார். அவன் தோள் குறுகவில்லை. தலையைத் தூக்கி இவரைப் பார்த்தான். கண்ணும் கண்ணும் மோதின. மாட்டிக்கொண்டோமோ என்று இவர் பயந்தார். அவன் முகத்தைத் தேடுவது தெரிந்துவிடக் கூடாதே என்று, ஒன்றுமே நடக்காதது போல் ஒரு கம்பியை எடுத்து முறுக்கினார்.

"தூரம்தானே மாமா?"

"தூரம்தான். நீ முறுக்கு."

அவன் முறுக்கினான். பாட்டை மட்டும் நிறுத்திவிட்டான். அது இவருக்குக் கேட்டது, ஆனால் அதை ஒரு செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது இடி வந்தது. இந்த முறை சற்று நீண்ட உறுமல். இவர் ஓரக்கண்ணால் பார்த்தார். மைத்துனன் அசையாமல் இவரையே பார்த்துக்கொண்டிருந்தான். சிமிட்டாத கண், குறுகாத தோள். தூரம்தான் என்று இவருக்கு மூச்சு வந்தது. நிம்மதியாக ஒரு தலையசைப்பு அசைத்தார். அவனும் பதிலுக்கு அசைத்துவிட்டுக் குனிந்தான்.

ஏழு துளை இணைத்தாயிற்று. எட்டாவதின் கம்பி மைத்துனன் கையில் இருந்தது. அப்போது மேட்டிலிருந்து சங்கு ஊதியது.

சங்கு தடித்த குரல், அது அவருக்கு நன்றாகவே கேட்டது. கேட்டதும் முதலில் வந்தது கோபம். நான் சொல்லாமல் யார் ஊதினார்கள்? அந்த அம்மாளுக்கு எப்போதுமே இடி என்றால் கிலி, ஒரு உறுமலுக்குப் பயந்து பொத்தானை அமுக்கிவிட்டார். நாளைக்குக் குவாரி முழுக்க இதுதான் பேச்சாக இருக்கும்: பாம்புக்காது தூரம் என்றார், எடைமேடைக்காரம்மா பக்கம் என்றார். மைத்துனன் கம்பியை விட்டுவிட்டுப் பாதி எழுந்திருந்தான், ஒரு கால் முன்னே வைத்தாகிவிட்டது. இவர் உள்ளங்கையை விரித்து, இரு என்று காட்டினார்.

அவன் உட்கார்ந்தான்.

ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. இவர் நிமிர்ந்து மேட்டைப் பார்த்தார். எடைமேடைக்காரம்மா அறைக்கு வெளியே வந்து, தலைக்கு மேல் இரண்டு கையையும் வீசிக்கொண்டிருந்தார். இடிக்குப் பயந்தவர் மேஜைக்கு அடியில் அல்லவா இருப்பார்? வெட்டவெளியில் வந்து நிற்கிறார் என்றால் அவர் பார்த்தது வேறு ஏதோ ஒன்று. அவருக்குப் பின்னால் வானம் அடுப்புக்கரி நிறத்தில் இருந்தது.

"ஓடு! மச்சான், ஓடு!"

ஓடினார்கள். இவர் கூண்டுக்குப் பக்கம், அவன் பின்னால். வெளிச்சம் ஒன்று பாறை முழுக்க வெள்ளையடித்துவிட்டுப் போனது. அதே நொடியில் தரை உதைத்தது. இணைத்து வைத்த ஏழு துளையும் வெடித்துவிட்டன. இவர் கூண்டுக்குள் விழுந்து திரும்பிப் பார்த்தபோது புழுதிதான் இருந்தது, ஆளைக் காணவில்லை. தன் வாயிலிருந்து வந்த அலறல் அவருக்குத் தெளிவாகக் கேட்டது. புழுதிக்குள்ளிருந்து மைத்துனன் தவழ்ந்து வந்தான். வலது தோளில் கல் விழுந்து எலும்பு முறிந்திருந்தது. இரண்டு மூச்சு முன்னால் ஓடியிருந்தால் அந்தக் கல் வெறும் தரையில் விழுந்திருக்கும்.

மதியத்துக்குள் கதை வேறு மாதிரி ஆகிவிட்டது. சங்கு ஊதியது, ஆட்கள் தப்பினார்கள். சங்கு ஊதச் சொல்வது யார்? பாம்புக்காதுதான். ஆகவே காப்பாற்றியது பாம்புக்காது. மேனேஜர் ஆளனுப்பி இவரைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் கட்டிப்பிடித்துக்கொண்டார். "சரியான நேரத்துல சொன்னீங்க பாருங்க!" இவர் தலையாட்டினார். சற்று தள்ளி எடைமேடைக்காரம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். கூட்டம் கலைந்த பிறகு கிட்டே வந்தார்.

"சுவருக்கு அந்தப் பக்கம் விளக்குக் கம்பத்துல விழுந்ததை என் கண்ணால பார்த்தேங்க. உங்களை வாக்கியில கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன், பதிலே இல்ல. அதான் நானே அமுக்கிட்டேன். உத்தரவு இல்லாம ஊதினேன்னு தெரிஞ்சா என் வேலைக்கு வம்பு. நீங்க சொல்லித்தான் ஊதினேன்னே இருக்கட்டும்."

வாக்கி டாக்கி இடுப்பில்தான் இருந்தது. அதன் கீச்சுக் குரலும் அவருக்கு எட்டாமல் போய் எவ்வளவு காலமாயிற்றோ. அதை அவர் இதுவரை யோசித்தே பார்த்ததில்லை. இன்னும் எதையெல்லாம் யோசிக்கவில்லை என்று நினைக்கவே பயமாக இருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது சட்டைப் பையில் விபத்து அறிக்கைத் தாள் இருந்தது. சாயங்காலத்துக்குள் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். எல்லாவற்றையும் மேனேஜரே நிரப்பிக் கொடுத்துவிட்டார். 'அபாய ஒலி எழுப்ப உத்தரவிட்டவர்' என்ற இடத்தில் இவர் பெயர் நல்ல கையெழுத்தில் இருந்தது. ஒரு கையெழுத்து போட்டால் எல்லோருக்கும் நல்லது. அந்த அம்மாளுக்கு வேலை, மேனேஜருக்குப் பேட்டரி பற்றிக் கேள்வியில்லை, இவருக்குப் பட்டம்.

மனைவி தம்பியின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். இவரைப் பார்த்ததும் எழுந்து இவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். முப்பது வருடத்தில் அப்படிச் செய்ததே இல்லை. "நீங்க மட்டும் இல்லேன்னா இவன் இன்னைக்கு..." என்று ஆரம்பித்து முடிக்காமல், வெந்நீர் வாங்கி வருகிறேன் என்று செம்பை எடுத்துக்கொண்டு வெளியே போனார். இவருக்கு நின்ற இடத்திலேயே புதைந்துவிடலாம் போல இருந்தது.

மைத்துனன் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். தோளில் பெரிய கட்டு. இவர் நாற்காலியை இழுத்து, அவன் வாய் தெரிகிற மாதிரி போட்டு உட்கார்ந்தார்.

"மாமா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"முதல் இடியே பக்கத்துலதான் விழுந்துச்சு. தகரத்தைக் கிழிச்ச மாதிரி கேட்டுச்சு எனக்கு. ரெண்டாவது இன்னும் மோசம். எழுந்து ஓடணும் போல இருந்துச்சு."

"அப்புறம் ஏன் உக்காந்திருந்தே? நீ தோளைக்கூடக் குறுக்கலையே!"

"குறுக்கத்தான் வந்துச்சு. உங்களைப் பார்த்தேன். நீங்க பாட்டுக்குக் கம்பி முறுக்கிக்கிட்டு இருந்தீங்க. மாமாவே அசையலை, நமக்குத்தான் பயத்துல அப்படிக் கேக்குதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டேன். உங்க முகத்தைப் பார்த்துத்தான் மாமா இருந்தேன்."

வராந்தாவில் யாரோ தள்ளுவண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு போனார்கள். சக்கரம் கிறீச்சிட்டிருக்கும், மைத்துனன் முகம் சுளித்ததிலிருந்து அது தெரிந்தது.

"நான் உன் முகத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்" என்றார்.

"என் முகத்தையா? எதுக்கு?"

"எனக்கு இடியோட கூர்மை கேக்காது மச்சான். தலை மேல விழுந்தாலும் தூரத்துல உறுமற மாதிரிதான் கேக்கும். ரெண்டு வருஷமாச்சு. நீ தோளைக் குறுக்கினா ஏறச் சொல்வேன், குறுக்கலேன்னா முறுக்கச் சொல்வேன். அவ்வளவுதான் என் வித்தை."

மைத்துனன் கழுத்தைத் திருப்ப முடியாமல் கண்ணை மட்டும் இவர் பக்கம் திருப்பினான். கோபம் வரும் என்று இவர் காத்திருந்தார். வந்தால்கூட நன்றாக இருக்கும் போலிருந்தது. அவன் உதடு அசைந்தது, விரல் விட்டு ஏதோ எண்ணிப் பார்த்தான். இரண்டு வருடத்தில் எத்தனை மேகம், எத்தனை வரிசை என்று எண்ணியிருப்பான். பாதியில் நிறுத்திவிட்டான்.

"கையைக் காட்டி உட்காரச் சொன்னீங்களே. அது?"

"அது காதுக் கோளாறு இல்ல. என் திமிரு."

அதைச் சொன்ன பிறகு மற்றது சுலபமாகிவிட்டது. பையிலிருந்து தாளை எடுத்து முழங்கால் மேல் வைத்து, மேனேஜரின் அழகான எழுத்தைக் கோடு போட்டு அடித்தார். எழுதியதை உரக்கப் படித்துக்கொண்டே எழுதினார், அவனுக்கும் தெரியட்டும் என்று. சங்கை ஒலித்தது எடைமேடை ஊழியர், தன் சொந்த முடிவில், சரியான நேரத்தில். உத்தரவு கொடுத்திருக்க வேண்டியவன் நான். கொடுக்கவில்லை. எழுந்தவரை மீண்டும் உட்கார வைத்தவனும் நான். என் காது இந்த வேலைக்கு உதவாது. பேட்டரி விஷயத்தையும் ஒரு வரி சேர்த்தார். கீழே கையெழுத்துப் போட்டார்.

மனைவி செம்போடு உள்ளே வந்தார். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். வாசலிலிருந்தே என்னவோ கேட்டார். இவருக்குப் பாதிதான் புரிந்தது, வழக்கம் போலத் தலையாட்டத் தொடங்கினார்.

"அங்கிருந்து பேசாதேக்கா" என்றான் மைத்துனன் கண்ணை மூடிக்கொண்டு. "கிட்ட வந்து முகத்தைக் காட்டிப் பேசு. அவருக்குக் கேக்காது."